கையில்தான் தருவார்

என்னுடைய லொறியின் பிரேக் சிலிண்டரை என் கண்ணுக்கு முன்னாலேயே அடித்து நொறுக்கிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல சிலிண்டர் அது. கடைச்சல் பட்டறையில் கொடுத்து உள்ளே ஒரு குழாய் இறக்கியிருந்தால் இன்னும் ஒரு வருஷமாவது ஓடியிருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் பக்கத்தில் இருந்தால், "நல்லதெண்டால் ஏன் தம்பி அதைக் கழட்டிக்கொண்டு என்னட்ட வந்தனீங்கள்?" என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டு என் பதிலுக்கும் நிற்கமாட்டார்.

அப்போது நான் இளந்தாரி. கிண்ணியாவிலிருந்து விறகும் நெல்லும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை டவுனுக்கு வருகிற ஒரு பழைய இங்கிலாந்து லொறி என்னிடம் இருந்தது. பிரேக் விட்டுப் போனதும் கராஜ்காரர் சொன்னார், துறைமுகப் பக்கம் ஒரு அக்கா ஸ்பெயார்ஸ் கடை வைத்திருக்கிறார், அவரிடம் கட்டாயம் இருக்கும், ஆனால் பழசைக் கழற்றிக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று. ஏன் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

கடை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு கிடந்தது. சேலைக்கு மேலே ஆம்பிளைக் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனுசி வெளியே வந்து, என் கையிலிருந்த பழசை வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். குனிந்து அதைத் தண்டவாளத்தின் மேல் வைத்தார். பிறகு சம்மட்டியைத் தூக்கினார். "என்ன அக்கா செய்யிறீங்க?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை. இரும்பு துண்டு துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு என் கணுக்காலைக் கிழித்துக்கொண்டு போனது. இரத்தம் செருப்புக்குள் வடிகிறது, நான் வாய் திறந்தபடி நிற்கிறேன்.

"இனி இது ஒருத்தருக்கும் போகாது," என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை.

அடிக்கத்தான் எனக்குக் கை வந்தது. அந்தச் சம்மட்டி அவர் கையில் இருந்ததால் வரவில்லை. அவர் உள்ளே போய், மெழுகுத்தாளில் சுற்றிக் கிறீஸ் பூசிய ஒரு புதுச் சிலிண்டரைக் கொண்டுவந்தார். என் முன்னாலேயே தாளைப் பிரித்தார். றப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார், மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். மேசையில் வைத்து எடு என்று சொல்லவில்லை. தன்னுடைய வலது கையால் எடுத்து என் வலது கையில் வைத்து, என் விரல்களை மடக்கி விட்டார். "என்ர கையால உங்கட கைக்கு, தம்பி. இடையில ஒருத்தரும் இல்லை. சாமான் பிழைச்சால் என்னட்ட வாங்கோ."

பிறகு என் கணுக்காலைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சீலைத் துண்டை எடுத்து எறிந்து, "கட்டுங்கோ. அடிக்கேக்க தள்ளி நிக்கத் தெரியாதே?" என்றார். பிழை என்னுடையதாகிவிட்டது! சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சிலிண்டர் அந்த லொறியை விடக் கூடுதலான காலம் உயிரோடு இருந்தது.

ஊரில் அவருக்குச் சம்மட்டி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு மறு கையால் பால் விடாத பிளேன்ரீ குடிப்பார். கதை குறைவு. கேட்டதற்கு ஓம் என்பார், இல்லாவிட்டால் ஏலாது என்பார், அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம் சண்டை பிடிக்க வேண்டும். நான் நிறையப் பிடித்தேன். என் வாய் அப்படி.

அந்தத் தெருவில் முதல் ஸ்பெயார்ஸ் கடை அவர்களுடையதுதான். அவருடைய கணவர் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர் கப்பலேறியபோது ஏலத்தில் விட்ட பட்டாள லொறிச் சாமான்களைப் பெட்டி பெட்டியாக எடுத்து அந்தக் கடையைப் போட்டார். அப்போது டவுனில் வாகனம் கொஞ்சம், கடை ஒன்று, கராஜ் ஒன்றோ இரண்டோ. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பிறகு வெளிநாட்டுச் சாமான் வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். சனங்கள் நினைத்தார்கள், புது வாகனமும் வராது, புதுச் சாமானும் வராது, இனி இந்தத் தொழில் படுத்துவிடும் என்று. எங்கே படுத்தது? பேய் பிடித்தது போல வளர்ந்தது. புதுசு வராது என்றால் பழசைச் சாக விட ஏலாதே! உப்புவெளியில் ஒரு வெல்டிங் கொட்டில், பெரியகடைப் பக்கம் இரண்டு கடைச்சல் பட்டறை, திரியாயில்கூட மாமரத்துக்குக் கீழே ஒரு கராஜ். ரயரை வெட்டி அதிர்வு தாங்கும் புஷ் செய்தார்கள். ஒரு லொறியைக் கொன்று மூன்று லொறிக்கு உயிர் கொடுத்தார்கள். இதெல்லாம் கெட்டித்தனம்தான், நான் மறுக்கவில்லை. அதோடு சேர்ந்து இன்னொரு தொழிலும் வளர்ந்தது. தேய்ந்துபோன சாமானைக் கம்பிப் புருசால் தேய்த்து, வெள்ளிப் பெயின்ற் அடித்து, றப்பருக்குச் சப்பாத்து மை பூசி, பெட்டியில் போட்டுப் புதுசு என்று விற்பது.

அந்தத் தொழிலுக்குத்தான் அக்கா எமனாக நின்றார். பழசு உடைந்தால்தான் புதுசு தருவார். உடைந்த துண்டைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் பெயின்ற் அடிக்க முடியாது.

ஏன் இந்த வெறி என்பதை எனக்கு அவரே சொன்னார், ஒரே ஒரு தரம். மூதூரில் ஒரு கராஜுக்குச் சாமான் கொண்டுபோக என் லொறியில் வந்தார். கிண்ணியாத் துறையில் வாகனம் ஏற்றுகிற மிதவையை நாங்கள் பாதை என்று சொல்வோம். கரையிலிருந்து அதற்கு ஒரு சரிவு. சனம் எல்லாம் இறங்கி நடந்து ஏற வேண்டும், வாகனத்தைச் சாரதி மட்டும் மெல்ல இறக்க வேண்டும், முன்னால் ஒருவர் கட்டையோடு நின்று ஏறினதும் சில்லுக்கு அணை கொடுக்க வேண்டும். அன்றைக்கு அக்கா யாரையும் விடவில்லை. தானே கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்று, தானே அணை வைத்தார். பாதை கடல் கலக்கிற ஆற்றின் நடுவுக்குப் போனபோது திரும்பிக் கரையைக் காட்டினார்.

"இஞ்சதான் என்ர மனிசன் போனது," என்றார். "பாதையால இறங்கி அந்தக் கரையில ஏறேக்க பிரேக் விட்டது. பின்பக்கமா உருண்டு பாதையையும் தாண்டித் தண்ணிக்குள்ள. கதவு திறக்கேலாமல் போச்சு. நான் பாதையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் குனிந்து சில்லுக்கு வைத்த கட்டையை ஒரு தரம் அமத்திப் பார்த்தேன்.

"லொறியைத் தூக்கினாப்பிறகு சிலிண்டரைக் கழட்டிப் பாத்தன். உப்புத்தண்ணியில பெயின்ற் உரிஞ்சு போய்க் கிடந்தது. கீழ அரத்தால போட்ட ஒரு கீறல். அவற்ர கீறல். தேஞ்சுபோச்செண்டு அவரே அடையாளம் போட்டு இரும்புக்காரனுக்குக் குடுத்த சாமான் தம்பி அது. ஆரோ பெயின்ற் அடிச்சு, பெட்டியில போட்டு, எங்கட கடைக்கே கொண்டுவந்து வித்திருக்கிறாங்கள். அவர் அதை எடுத்துத் தன்ர லொறிக்குப் பூட்டினவர்."

பிறகு, "என்ர கையால போற சாமானால ஒருத்தற்ர உடம்பும் சிதையக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும். மற்றதெல்லாம் போனாப் போகட்டும்," என்றார். பாதை கரை தட்டியதும் கட்டையை எடுக்கப் போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

இதைக் கேட்டு நான் அவரைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவரிடம் பயமும் இருந்தது. ஒரு நாள் நான் கடை வாசலில் லொறிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியூர் ஆள் ஒருவன் சாக்கில் பெட்டிகளோடு வந்தான். சிரித்த முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை. பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு சிலிண்டரை அக்காவின் கையில் கொடுத்தான். "அசல் சாமான் அக்கா. பாருங்கோ மினுக்கத்தை."

அக்கா மினுக்கத்தைப் பார்க்கவில்லை. மணந்தார். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். வெள்ளி உரிந்து கறுப்புத் தெரிந்தது.

"இதை எந்தக் கையால தந்தனி?"

அவனுக்கு விளங்கவில்லை. விளையாட்டென்று நினைத்து, சிரித்துக்கொண்டே வலது கையைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான். அக்கா மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவனை முழங்காலில் விழுத்தி, கையைத் தண்டவாளத்தில் அமத்தினார். தினமும் இரும்பை அடிக்கிற கை அது, அவனால் அசைக்கவும் முடியவில்லை. சம்மட்டி இறங்கியது. அவன் போட்ட கூச்சலுக்கு மீன் சந்தையிலிருந்து சனம் ஓடி வந்தது. விரல்கள் இருந்த இடத்தை நான் இரண்டாம் தரம் பார்க்கவில்லை. அக்கா சாக்கிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரத்தம் கிடந்த அதே இரும்பில் வைத்து உடைக்கத் தொடங்கினார். அவன் பக்கத்தில் கிடந்து புரள்கிறான், இவர் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

பொலிஸ் வந்து கேட்டபோது அவனே சொன்னான், பொனட் மூடி கையில் விழுந்தது என்று. உண்மையைச் சொன்னால் சாக்கில் என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டுமே. நான் அக்காவிடம் கேட்டேன்: "அவனுக்கும் புள்ள குட்டி இரிக்கும்தானே அக்கா? இனி எப்படிச் சாப்பிடுவான்?"

"என்ர மனிசன் எப்பிடிச் சாப்பிடுறார்?" என்றார்.

அடி வாங்கியும் இருக்கிறார். சாமான் தட்டுப்பாடு கழுத்தை நெரித்த வருஷம் ஒன்று. லொறி ஸ்ராண்ட் ஆட்களுக்கு அக்காவின் மேல் கொலை வெறி. திருத்திப் பாவிக்கக்கூடிய பழசை எல்லாம் உடைத்துப் போடுகிறாளே, நாளைக்கு இவளிடமும் புதுசு முடிந்தால் நாங்கள் தலையிலா பிரேக் பிடிப்பது என்று. அதில் நியாயம் இருந்தது. நானே அந்த நியாயத்தை அவரிடம் எத்தனையோ தரம் பேசி ஏச்சு வாங்கியவன். ஒரு நாள் குடித்துவிட்டு ஒரு கூட்டம் வந்து கடைக்குக் கல்லெறிந்தது. ஒரு கல் நெற்றியைப் பிளந்தது. அக்கா சட்டைக் கையால் கண்ணை மூடிய இரத்தத்தைத் துடைத்தார். சம்மட்டியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, "எறிஞ்சு முடிஞ்சுதே? இப்ப ஆருக்கு என்ன சாமான் வேணும்?" என்றார்.

கூட்டம் கலைந்தது. அதில் கல்லெறிந்த ஒருவனே கொஞ்ச நாளில் பழைய சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து வந்து நின்றான். அதை உடைத்துவிட்டு அவனுக்கும் கையில் வைத்துத்தான் கொடுத்தார். நெற்றித் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு காலம் ஒரேயடியாகத் திரும்பியது. அரசாங்கம் மாறியது, துறைமுகங்களைத் திறந்துவிட்டார்கள். ஜப்பான் வான்கள் ஆற்று மீன் மாதிரி வந்து இறங்கின. இனிப் புது வாகனம்தானே, திருத்துகிற தொழில் செத்தது என்று மறுபடியும் சனம் கதைத்தது. மறுபடியும் பிழை! வாகனம் கூடக் கூட உடைகிறதும் கூடியது. அக்காவின் ஒரே கடை இருந்த தெருவில் இரண்டு பக்கமும் கண்ணாடி அலுமாரி வைத்த கடைகள் முளைத்தன. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பெட்டிகள். பெட்டிக்குள்ளே அசலும் இருக்கும், அசலைப் போல ஒன்றும் இருக்கும். மலிவாகக் கிடைத்தால் யாருக்கு வேண்டும் சம்மட்டிச் சத்தம்?

அக்காவின் மகன் அப்போது கொழும்பிலிருந்து திரும்பியிருந்தான். தகப்பன் சாகும்போது கைக்குழந்தை. நல்ல பிள்ளைதான், என்னைக் கண்டால் "வாங்கோ அண்ணை" என்று கதிரை இழுத்துப் போடுவான். கடை ஈயோட்டுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, உங்கட சம்மட்டிக்குப் பயந்து சனம் எதிர்க்கடைக்கு ஓடுது. நாங்களும் மற்றவையைப் போல மலிவுச் சாமான் எடுப்பம்," என்று ஒரு நாள் என் முன்னால் சொன்னான். அக்கா கொளுக்கியில் தொங்கிய ஃபான் பெல்ட்டை உருவி, வளர்ந்த இளந்தாரியைத் தெருவில் வைத்து விளாசினார். முதுகுச் சட்டை கிழிந்தது. நான் குறுக்கே விழுந்து இரண்டு அடி வாங்கிக்கொண்டேன்.

"அப்பாவைத் தண்ணிக்குள்ள தள்ளினது மலிவுச் சாமான்தான்ரா!" என்று கத்தினார். அவன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான், கொழும்பில் அசல் சாமான் மட்டும்தான் எடுப்பேன் என்று. அக்கா நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? வெள்ளைக்காரன் சாமானை அவர் மணத்திலேயே அறிவார், ஜப்பான் சாமானோ அவர் மூக்குக்கும் நகத்துக்கும் புதுசு. அதில் மகனுடைய கண்ணைத்தான் அவர் நம்ப வேண்டியிருந்தது.

நானும் லொறியை விற்று ஒரு ஜப்பான் வான் எடுத்திருந்தேன். டவுனுக்கும் மூதூருக்கும் ஆள் ஏற்றி ஓடினேன். என் பெண்சாதியின் தம்பிதான் கொண்டக்டர். என் மச்சான், பகிடிக்காரன், பந்தடித்தால் கிண்ணியா முழுக்க வந்து பார்க்கும். வானுக்குப் பிரேக் சிலிண்டர் தேய்ந்ததும் நான் எதிர்க்கடைக்குப் போகவில்லை. பழசைக் கழற்றிக்கொண்டு அக்காவிடம்தான் போனேன். அவர் அதை உடைத்தார், நான் தள்ளி நின்றேன். நீலப் பெட்டியை என் முன்னால் திறந்தார், கீறினார், மணந்தார், என் வலது கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"என்ர கையால உங்கட கைக்கு, தம்பி."

கொஞ்ச நாள் நல்லாய்த்தான் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறதென்று கொஞ்சம் அவசரம். துறையில் சனத்தை இறக்கிவிட்டோம். மச்சான் கட்டையோடு பாதையில் போய் நின்று, "வா வா, வா வா" என்று கை காட்டினான். சரிவில் பாதி இறங்கியதும் பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன், காற்று. கைப்பிரேக்கை இழுத்தேன், ஈரப் பலகையில் வான் சறுக்கிக்கொண்டே போனது. "விலகடா!" என்று கத்தினேன். அவன் விலகவில்லை. வான் தண்ணீருக்குள் போய்விடும் என்று கட்டையைச் சில்லுக்கு முன்னால் போட்டு மறிக்கக் குனிந்தான். வான் அவனைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ப்பக்க இரும்புத் தூணில் மோதி நின்றது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவனுடைய வலது கால் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். கராஜில் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளேயிருந்த றப்பர் கஞ்சியில் ஊறிய பாண் துண்டாய் ஊதிக் கிடந்தது. விரலால் பிடித்தால் பிய்ந்து வந்தது. அசல் றப்பர் பிரேக் எண்ணெயில் அப்படி ஊதாது.

எனக்குத் தலையில் நெருப்பு. அந்தச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். நான் தனியாகத்தான் புறப்பட்டேன், ஆனால் மச்சானோடு பந்தடிக்கிற பொடியன்கள் ஒரு லொறி நிறைய என் பின்னால் வந்துவிட்டார்கள். கையில் பொல்லும் கம்பியும். எங்கள் கூட்டத்தைக் கண்டதும் தெருவில் பல கடைகள் கதவைச் சாத்தின. இது இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடும் என்று பயந்து யாரோ பொலிசுக்கு ஓடினார்கள்.

அக்கா வாசலுக்கு வந்தார். நான் சிலிண்டரை அவருடைய காலடியில் எறிந்தேன்.

"என்ட மச்சான்ட காலை எடுத்துப் போட்டாங்க அக்கா! பிழைச்சால் வாங்கோ எண்டு சொன்னீங்கதானே? வந்திருக்கன்!"

அவர் குனிந்து எடுத்தார். விரலை உள்ளே விட்டு றப்பரைப் பிய்த்து எடுத்தார். எங்கள் பொடியன்களே சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு திரும்பாமலே மகனைக் கேட்டார்: "ஆர் வாங்கினது?"

மகன் உள்ளேயிருந்து வந்தான். "நான்தான் அம்மா. நல்ல சாமானெண்டுதான் அவங்கள் சொன்னவங்கள். கடையை மூட வேண்டி வந்திடும் எண்டு பயத்தில..."

"அவன்ட கையை உடை!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "உடை! உடை!" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். விரல் உடைந்த அந்த வெளியூர்க்காரன் கதை கிண்ணியாவுக்கும் தெரியும். யாரும் இழுக்கவில்லை, மகன் தானாகவே முழங்காலில் நின்று வலது கையைத் தண்டவாளத்தில் வைத்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அடியுங்கோ அம்மா" என்றான்.

அக்கா சம்மட்டியைத் தூக்கினார். அவர் காலால் மகனுடைய கையைத் தள்ளிவிட்டார்.

"நீ வாங்கினனி. குடுத்தது ஆர்?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, சொல்லுங்கோ. உங்கட கையில தந்தது ஆர்?"

நான் மகனைப் பார்த்தேன். என் கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

"கேக்கிறன், சொல்லுங்கோ. ஆர்?"

"நீங்கதான் அக்கா."

"எந்தக் கையால?"

பதில் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இடது கையால் யாராவது கொடுப்பார்களா? அவரே தலையை ஆட்டிக்கொண்டார். கீழே குந்தினார். வலது கையை நீட்டித் தண்டவாளத்தில் வைத்தார். சம்மட்டியை இடது கைக்கு மாற்றினார்.

இடது கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் அடி இரும்பில் பட்டு நெருப்புப் பொறி பறந்தது. "அம்மா!" என்று மகன் பாய்ந்தான், முழங்கையால் அவனை இடித்து விழுத்தினார். "வேணாம் அக்கா! விடுங்க!" என்று நானும் பாய்ந்தேன். அதற்குள் இரண்டாவது அடி இறங்கிவிட்டது. அது சரியாக இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் இரும்பு உடைகிற சத்தத்தைப் போல இருக்காது. அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தரம் தூக்கியபோது சம்மட்டிப் பிடியை நான் பிடித்துவிட்டேன், அந்த இடது கையிலிருந்து அதைப் பறிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

பொல்லோடு வந்த எங்கள் பொடியன்களே அவரைத் தூக்கிக்கொண்டு வந்து லொறியில் ஏற்றினார்கள். என் மச்சான் கிடந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். டாக்டரும் பின்னால் வந்த பொலிசும் கேட்டபோது அக்கா சொன்னார், பொனட் மூடி விழுந்தது என்று.

அதன் பிறகு நான் எதிர்க்கடைகளில் சாமான் வாங்கினேன். எல்லா இடத்திலும் மேசையில் வைத்துத் தள்ளிவிடுவார்கள், சிரிப்பார்கள், பழசைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. வாங்கிக்கொண்டு வந்து பூட்டுவேன், பாதைச் சரிவு வந்ததும் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறக்குவேன். ஒரு நாள் மச்சானே சொன்னான்: "மச்சான், இப்பிடிச் செத்துச் செத்து ஓட ஏலாது. அந்த அக்காட்டயே போவம்."

மரக்காலும் ஊன்றுகோலுமாக அவனும் வந்தான். கடையில் ஒரு கண்ணாடி அலுமாரிகூட இல்லை. தட்டுகள் பாதிக்கு மேல் வெறுமை, மலிவுப் பெட்டிகள் எல்லாவற்றையும் மகனே உடைத்துத் தள்ளியிருந்தான். அவன்தான் எங்கள் பழைய சாமானை வாங்கித் தண்டவாளத்தில் வைத்து அடித்தான். தாயைப் போலவே அடித்தான். நான் தள்ளி நின்றேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். வலது கை காக்கிச் சட்டைக்குள் சுருண்டு கிடந்தது, நண்டுக்கால் மாதிரி. புதுச் சாமானை மகன் பிரித்து, கீறி, மணந்து, தாயிடம் கொடுத்தான். அவர் அதை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையில் வைக்கவும் மனமில்லை, எங்களிடம் நீட்டவும் துணிவில்லை. அந்த மனுசி கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். மச்சானுடைய காலைப் பார்க்காமல் அவனுடைய முகத்தை மட்டும் பார்த்தார்.

"இடக்கையாலதான் தர வேண்டிக் கிடக்கு, தம்பி," என்றார். "குறை நினையாதையுங்கோ."

மச்சான் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினான்.

"தாங்க அக்கா. நான் மட்டும் ரெண்டு காலாலயா வந்தன்?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாமானை மச்சானுடைய கையில் வைத்தார், மடக்கிவிட மறுகை இல்லாததால் அவனே விரல்களை மடக்கிக்கொண்டான். பிறகு அந்த இடது கையைத் தூக்கி மச்சானுடைய தோளில் ஒரு அடி போட்டார்.

அந்த அக்கா ஒரு ஆளை நோகாமல் அடித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பாதைக்கு நேரமாகிவிட்டது என்று மச்சான் அவசரப்படுத்தினான். நாங்கள் புறப்பட்டோம்.